றோசலின் ரீச்சர் தொடாத அதிகாரம்

அருள்நாயகம் ஐந்து நாவல்கள் எழுதியவர். அவற்றை வாசித்தவர்களை ரொறொன்ரோவில் ஒரு வான் வண்டிக்குள் ஏற்றிவிடலாம். வாசிக்காமலே பாராட்டுகிறவர்களுக்கு ஒரு மண்டபம் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்டவர் அறுபத்தைந்தாவது வயதில் நாவலைக் கைவிட்டு, இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னர் றோமாபுரியில் வெட்டுப்பட்டுச் செத்த சிசரோ என்ற அரசியல்வாதியின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதப்போகிறேன் என்று குந்தினார். சிநேகிதர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு மறந்துபோனார்கள். பதினொரு வருடம் கழித்து அறுநூற்று இருபது பக்கங்களோடு மனிதர் எழும்பியபோது இடது கண்ணின் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பொட்டு விழுந்திருந்தது. வலது கண்ணும் அதே வழியில்தான் போகும், ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே இதுதான் கடைசிப் புத்தகம். அது அவருக்கும் தெரியும், அவருடைய மனைவி வேரோனிக்காவுக்கும் தெரியும்.

சிசரோவைப் பற்றி எழுதினார் என்று சொன்னால் போதாது, கொண்டாடினார். ஊர்பேர் இல்லாத குடும்பத்தில் பிறந்து, நாக்கு ஒன்றையே முதலாக வைத்து றோமின் ஆக உயர்ந்த பதவிக்கு ஏறியவர். தனியொருவனின் ஆட்சி வரக்கூடாது, குடியரசு வாழவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியவர். கடைசியில் அந்தத் தொண்டையையே வாளுக்குக் கொடுத்தவர். மகள் செத்தபோது உடைந்துபோய் எழுதிய கடிதங்களை அருள்நாயகம் மொழிபெயர்த்திருந்த பக்கங்களை எவர் வாசித்தாலும் கண் கலங்கும். அவ்வளவு நல்ல எழுத்து. அதைச் சொல்லாமல் விட்டால் நான் அநியாயக்காரன்.

புத்தகம் சென்னையில் அச்சாவதாக இருந்தது. அதற்கு முன்னர் மெய்ப்புப் பார்க்க வேண்டும். அருள்நாயகத்தின் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என்றால் அது றோசலின் ரீச்சர்தான். வேறு பேச்சே கிடையாது. முதல் நாவலிலிருந்து இருபத்தேழு வருடமாக அவர்தான் பார்த்துக் கொடுக்கிறார். யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவர். அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, வாய்விட்டு வாசித்து, பிழைக்குச் சிவப்புப் பேனையால் சுழித்து, பக்கம் முடிந்ததும் கீழ் மூலையில் பென்சிலால் ஒரு சின்னச் சரி போடுவார். அந்தச் சரி விழுந்த பக்கத்தில் பிழை இருக்க வழியில்லை. ஒரு சதமும் வாங்கமாட்டார். "உங்கட எழுத்தை முதல்ல வாசிக்கக் கிடைக்குதே, அது காணும் அண்ணை" என்பார்.

இந்த முறை அருள்நாயகம் இரண்டு காரியங்கள் செய்தார். முதலாவது, புத்தகத்தை றோசலின் ரீச்சரின் காலஞ்சென்ற கணவர் யோசப் மாஸ்ரருக்குச் சமர்ப்பணம் செய்தார். இரண்டாவது, வெளியீட்டு விழாவில் முதற்பிரதியை ரீச்சரே மேடைக்கு வந்து வாங்க வேண்டும் என்று கேட்டு, ஓம் என்று சொல்லவும் வைத்துவிட்டார். எங்கள் ஆட்களின் வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்குவது சின்ன மரியாதை அல்ல. ஊர்ப் பெரியவர், சங்கத் தலைவர், வைத்தியர் என்று அதற்கு ஒரு வரிசையே முண்டியடிக்கும். மெய்ப்புப் பார்த்த மனுசியைக் கூப்பிட்டு அதைக் கொடுப்பது ஊரில் உலகத்தில் நடக்காத விசயம்.

"சமர்ப்பணமும் முதற்பிரதியும் வைச்சு உதைச் சரிக்கட்டலாம் எண்டு பாக்கிறியளோ?" என்று வேரோனிக்கா கேட்டார். வெங்காயம் வெட்டிக்கொண்டு, நிமிராமல் கேட்டார்.

"நீர் சும்மா இரும்" என்றார் அருள்நாயகம்.

வேரோனிக்கா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. யோசப் மாஸ்ரர் குருமடத்தில் சேர்ந்து, லத்தீன் படித்து, கடைசி வருடத்தில் வெளியேறி வந்து கல்யாணம் கட்டியவர். சிசரோவை அருள்நாயகத்துக்கு அறிமுகம் செய்ததே அவர்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார்கள்; மாஸ்ரர் லத்தீனில் ஒரு வரி சொல்லி, தமிழில் கருத்துச் சொல்லுவார். ஆனால் ஒரு இடம் வந்தால் அவர் நின்றுவிடுவார். சிசரோ பதவியில் இருந்த வருடம், அரசைக் கவிழ்க்கச் சதி செய்தார்கள் என்று ஐந்து பேரைப் பிடித்தார்கள். ஐவரும் றோமின் குடிமக்கள். வழக்கில்லை, விளக்கமில்லை. சிறைக்குள் இறக்கிக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். வெளியே வந்த சிசரோ சனங்களைப் பார்த்து, "வாழ்ந்து முடித்தார்கள்" என்று ஒரு சொல் சொன்னார்.

"அருள், இந்த மனுசன் தவறினது இந்த இடத்திலதான்" என்பார் யோசப் மாஸ்ரர். "ஆயிரம் பேச்சுப் பேசினார், எல்லாம் பொன். ஆனா விசாரிக்காமல் கொல்லலாம் எண்டு கதவைத் திறந்துவிட்டார். இருபது வருசம் கழிச்சு அந்தக் கதவாலதான் அவரைக் கொல்ல ஆக்கள் வந்தவை."

எண்பத்தாறாம் ஆண்டு ஆயுதம் தூக்கிய இயக்கம் இரண்டு பொடியளைப் பிடித்துக்கொண்டு போனது. விசாரித்துவிட்டுத் தண்டியுங்கள் என்று யோசப் மாஸ்ரர் கடிதம் எழுதி, ஊரில் கையெழுத்துச் சேர்த்தார். நாற்பது வீட்டுக்குப் போய் ஏழு கையெழுத்து வாங்கினார். எட்டாம் நாள் காலமை, சந்தி மின்கம்பத்தில் அவரையே கட்டிச் சுட்டுவிட்டு, துரோகி என்று மட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். றோசலினுக்கு அப்போது முப்பத்தைந்து வயது, மகள் ஜூலிக்கு நாலு.

ஊர் முணுமுணுத்தது. மாஸ்ரரைத் துரோகி என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதனால் ஒரு பின்னேரம் இயக்கத்து ஆட்கள் இரண்டு பேர் அருள்நாயகத்தின் வீட்டுக்கு வந்தார்கள். வெறுங்கையோடுதான் வந்தார்கள், துவக்கு இல்லை, மிரட்டல் இல்லை. வேரோனிக்கா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். "நீங்கள் நல்லாய் எழுதுவியள் எண்டு சொல்லிச்சினம். சனத்துக்கு விளங்கப்படுத்தி ஒரு கட்டுரை வேணும்" என்றார்கள். இதைத்தான் அருள்நாயகம் தன் வாழ்நாளில் எந்தக் குருவானவரிடமும் முழுக்கச் சொன்னதில்லை: கேட்டபோது அவருக்குப் பயம் வரவில்லை. பெருமை வந்தது. தன்னை எழுத்தாளன் என்று முதன்முதலாக ஒப்புக்கொண்டு வாசல் தேடி வந்தவர்கள் அவர்கள்தான்.

இரண்டு பக்கம் எழுதினார். சிசரோ கொல்லுவித்த அந்த ஐந்து பேரைப் பற்றி எழுதினார். குடியரசு தீப்பிடித்து எரியும்போது வாளியைத் தூக்கினவனிடம் சட்டப்புத்தகத்தைக் காட்டாதே என்று எழுதினார். சிசரோ செய்தது சரியே என்று நிறுவினார். யோசப் மாஸ்ரர் பெயரைப் போடவில்லை, அவ்வளவு நாகரிகம் இருந்தது. ஒரு புனைபெயரில் அது அச்சாகி, ஊர்ச் சுவர்களில்கூட ஒட்டப்பட்டது. இரண்டு கிழமையில் முணுமுணுப்பு அடங்கிவிட்டது. அந்த ஏழு கையெழுத்துக்காரரும் தங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லி ஆளனுப்பினார்கள்.

பிறகு கனடா. றோசலின் ரீச்சர் ஒன்பது வருடம் பிந்தி மகளோடு வந்து சேர்ந்தார். தமிழ்ப் பூசை முடிந்து வாசலில் அவரைக் கண்டபோது அருள்நாயகம் வேரோனிக்காவின் பின்னால் ஒதுங்கினார். ரீச்சரோ சிரித்தபடி வந்து, "அண்ணை, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அந்தச் சிரிப்பை வைத்து அருள்நாயகம் முடிவுகட்டினார். ஒரு நாள் சொல்லத்தான் வேண்டும் என்று அப்போதே நினைத்தார். ஒவ்வொரு நாவலைத் தொடங்கும்போதும் நினைத்தார். மனிதன் நினைப்பதற்கு என்ன, வருடம் போனதுதான் மிச்சம்.

அச்சுப்படி நவம்பரில் திரும்பி வந்தது. அருள்நாயகம் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம் ரீச்சர் டோர்செட் பார்க்கில் அவர்கள் இருந்த கட்டிடத்துக்குப் பஸ்ஸில் வந்து, பதினோராம் மாடிக்கு ஏறி, கட்டை வேரோனிக்காவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அருள்நாயகம் கோட்டைக்கூடக் கழற்றாமல் உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு மேசையில் குந்தினார். நேரே ஏழாம் அதிகாரத்துக்குப் போனார். அந்த ஐந்து பேரின் அதிகாரம் அதுதான். எண்பத்தாறில் எழுதிய அதே நியாயத்தை, வயதுக்கேற்ற அடிக்குறிப்புகளும் மேற்கோள்களும் சேர்த்து, முப்பத்தொரு பக்கத்துக்கு விரித்திருந்தார். எழுதிய காலத்தில் அவரை நீங்கள் கேட்டிருந்தால், நான் உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறேன் என்றிருப்பார். நம்பாவிட்டால் அந்த மனிதர் எப்படி முப்பத்தொன்பது வருடம் சோறு தின்றிருக்க முடியும்.

மற்ற அதிகாரங்கள் எல்லாம் அம்மை போட்டதுபோல் சிவப்பாய்க் கிடந்தன. ஏழாவது அதிகாரத்தில் ஒரு சுழிப்பு இல்லை.

அருள்நாயகம் மூன்று தரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு விக்கி விக்கி அழுதார். ரீச்சர் வாசித்திருக்கிறார். யோசப்பின் மனைவி, அடிமட்டம் வைத்து வரிவரியாக வாசித்துவிட்டு, இதில் பிழையில்லை என்று அனுப்பியிருக்கிறார். இதற்கு மேல் ஒரு தீர்ப்பு எந்த நீதிமன்றத்தில் கிடைக்கும்? வேரோனிக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அந்த "ம்" என்ன "ம்" என்று கேட்க அருள்நாயகத்துக்கு நேரமிருக்கவில்லை. அன்றைக்கே சென்னைக்குப் போன் அடித்து, அச்சடியுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மனிதர் இளைஞன் மாதிரித் திரிந்தார். வேரோனிக்காவோடு பகிடி விட்டார். பூசையில் சத்தமாய்ப் பாடினார்.

புத்தகப் பெட்டிகள் மார்ச் கடைசியில் வந்தன. ஒன்றை உடைத்து, மணந்து பார்த்து, அட்டையைத் தடவி, ஏழாம் அதிகாரத்தைத் திறந்தார். இருநூற்றுப் பதினான்காம் பக்கம். குடியரசு தீப்பிடித்து எரியும்போது என்று தொடங்கும் பந்தி அங்கே இருந்தது. அதற்குக் கீழே, அதே பந்தி திரும்பவும் இருந்தது. ஒரு சொல் மாறாமல், பதினாறு வரி.

கணினியில் பக்கம் அமைத்தவரின் கைப்பிசகு. அச்சுலகத்தில் நடக்கிற காரியம்தான். ஆனால் அடிமட்டம் வைத்து வாய்விட்டு வாசிக்கிற றோசலின் ரீச்சர், ஒரே பதினாறு வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சும்மா போவாரா? அருள்நாயகம் கட்டிலுக்குக் கீழே கிடந்த அச்சுப்படியை இழுத்தெடுத்து, உருப்பெருக்கியைப் பக்க மூலைகளில் வைத்துப் பார்த்தார். ஆறாம் அதிகாரத்தில் பக்கத்துக்கு ஒரு பென்சில் சரி. எட்டாம் அதிகாரத்தில் பக்கத்துக்கு ஒரு பென்சில் சரி. ஏழாம் அதிகாரத்தின் முப்பத்தொரு பக்கத்திலும் எதுவுமே இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் பஸ் பிடித்தார். ரீச்சர் மார்க்கம் றோட்டடியில் முதியோர் கட்டிடம் ஒன்றில் தனிய இருந்தார். மகள் ஜூலி மிசிசாகாவில். விமான நிலையத்தில் வேலை, மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து போவாள். தெருவெல்லாம் உருகிய பனிச்சேறு. அருள்நாயகத்தின் சப்பாத்துக்குள் தண்ணீர் போய்விட்டது.

"வாங்கோ அண்ணை. சப்பாத்தோட வாங்கோ, நிலம் குளிரும்."

"இல்லை ரீச்சர், கழட்டுறன்."

ரீச்சர் தேத்தண்ணிக்குக் கேற்றிலைப் போட்டுவிட்டு வந்து எதிரே அமர்ந்தார். அருள்நாயகம் புத்தகத்தைத் திறந்து இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தைக் காட்டினார்.

"ஒரே பந்தி ரெண்டு தரம் வந்திருக்கு."

ரீச்சர் குனிந்து பார்த்தார். "ஓம். வந்திருக்கு."

"நீங்கள் காணேல்லையோ?"

"அந்த அதிகாரத்தை நான் வாசிக்கேல்லை அண்ணை."

"ஏன் ரீச்சர்?"

"அதை முந்தியே வாசிச்சிட்டன். எண்பத்தாறில."

கேற்றில் கொதித்துத் தானாக நின்றது. ரீச்சர் எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றினார். சீனி எத்தனை கரண்டி என்று அவர் கேட்கவில்லை, இருபத்தேழு வருடமாகத் தெரியும். அருள்நாயகம் கோப்பையைத் தொடவில்லை.

"எப்ப தொடக்கம் தெரியும்?" என்று கேட்டார்.

"அந்தப் பேப்பர் வந்த அண்டைக்கே. எங்கட மதிலிலயும் ஒண்டு ஒட்டினவை. யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் சிசரோவை அப்பிடிக் கதைக்க ரெண்டு பேர்தான் இருந்தவை. அதில ஒராளைச் சுட்டாச்சு."

"என்னை ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நான் ஏன் கேக்கவேணும்? நான் கேட்டு நீங்கள் சொன்னால் அது வாக்குமூலம். நீங்களாச் சொன்னால்தான் அது வேற." ரீச்சர் கோபமாகப் பேசவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு இலக்கணம் சொல்லுகிற குரல்தான். "முதல் நாவலைக் கொண்டுவந்து தந்தியள், ஞாபகமிருக்கே? நாட்டுப் பிரச்சினையைப் பற்றினது எண்டு சொன்னியள். சரி, மனுசனுக்கு முகத்தைப் பாத்துச் சொல்ல வெக்கம், எழுதிக்கொண்டு வந்து தருகுது எண்டு நினைச்சன். அதுக்குத்தான் மெய்ப்புப் பாக்க ஓமெண்டனான். முந்நூறு பக்கமும் தேடினன். இருக்கேல்லை. பரவாயில்லை, அடுத்ததில இருக்கும் எண்டு விட்டன்."

"ரீச்சர்..."

"மூண்டாவது நாவலில ஒரு வாத்தியாரைச் சுடுவினம். அந்த இடத்தில நான் பென்சிலை வைச்சிட்டு எழும்பி ஜன்னலடியில போய் நிண்டன். வந்திட்டுது எண்டு நினைச்சன். திரும்பி வந்து வாசிச்சா, அந்த வாத்தியார் உண்மையிலயே காட்டிக்குடுத்தவர் எண்டு முடிச்சிருந்தியள்."

அருள்நாயகம் தலையைக் குனிந்துகொண்டார். அந்த முடிவுக்காக அவருக்கு ஒரு விருது கிடைத்திருந்தது.

"சமர்ப்பணம்..." என்று தொடங்கினார்.

"பாத்தன். அவரின்ர பேர் சரியாத்தான் இருக்கு."

வெளியே ஒரு பனித்தள்ளு வண்டி மிஞ்சிக் கிடந்த அழுக்குக் குவியலை எங்கேயோ தள்ளிக்கொண்டு போனது. அருள்நாயகம் நிமிர்ந்தார். எழுபத்தாறு வயதில் முதல்தரம், ஒரு அலங்காரமும் இல்லாத ஒரு வசனம் அவர் வாயிலிருந்து வந்தது.

"நான் மேடையில சொல்லுறன் ரீச்சர். எல்லாருக்கும் முன்னால, என்ர வாயால."

ரீச்சர் அவரை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் அவர் அதுவரை கண்டிராத ஒன்று இருந்தது. அது நம்பிக்கை என்று விளங்கியபோதுதான் அருள்நாயகத்துக்கு உண்மையான பயம் பிடித்தது.

"அப்ப நான் கட்டாயம் வாறன்" என்றார் றோசலின் ரீச்சர்.

விழா ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஸ்காபரோ மண்டபம் ஒன்றில், சரியாக மூன்று மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. நாலேகாலுக்கு விளக்கேற்றினார்கள். அகவணக்கம், தமிழ்த்தாய் வாழ்த்து, கனடா தேசிய கீதம், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை மூன்று, ஆய்வுரை நான்கு. கடைசியில் நூலாசிரியரின் ஏற்புரை. எங்கள் விழாக்களில் எழுதியவனுக்குக் கிடைப்பது மற்றவர்கள் தின்று மிஞ்சின நேரம்தான். ஏழு மணிக்கு மண்டபத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

அருள்நாயகத்தின் சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல வேரோனிக்கா பெரிய எழுத்தில், கறுப்பு மையில் எழுதிக் கொடுத்தது. மொத்தம் நாலு வரி. எழுதி முடித்தபோது வேரோனிக்கா அவருடைய தலைமயிரைக் கோதிவிட்டார். கல்யாணம் கட்டி ஐம்பது வருடத்தில் அப்படிச் செய்தது மிகச் சொற்பம்.

முதற்பிரதிக்குப் பெயர் கூப்பிட்டதும் ரீச்சர் எழுந்து வந்தார். மண்ணிறச் சேலை, மேலே ஸ்வெற்றர். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய் முன்வரிசையில் அமர்ந்து, புத்தகத்தை மடியில் வைத்து, கைகளை அதன்மேல் வைத்துக்கொண்டார். பிறகு ஒருவரையும் பார்க்கவில்லை. மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வுரையில் கடைசியாக வந்தவர் இளைப்பாறிய சட்டத்தரணி றெமிஜியஸ். ஏழாம் அதிகாரமே இந்த நூலின் சிகரம் என்று தொடங்கினார். சட்டம் தெரிந்த தனக்கே அது கண்ணைத் திறந்தது என்றார். குடியரசு தீப்பிடித்து எரியும்போது என்ற பந்தியை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். மண்டபம் கைதட்டியது. "கவனியுங்கோ, இதே பந்தியை ஆசிரியர் உடனேயே திரும்பவும் எழுதுகிறார். இது ஒரு உத்தி. வாசகனின் மனச்சாட்சியை இரண்டு தரம் தட்டுகிறார்" என்று சொல்லி, இரண்டாவது தரமும் வாசித்தார். இரண்டாவது தரம் கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. ரீச்சர் அசையவில்லை. தன் கணவனைக் கட்டிவைத்த நியாயத்தை, தன் மடியில் அந்தப் புத்தகத்தோடேயே, ஒரு மண்டபம் கைதட்டக் கேட்டுக்கொண்டு அந்த மனுசி இருந்தார். கைதட்டியவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. அவர்களை ஏசி என்ன பயன்.

ஆறு ஐம்பதுக்கு ஏற்புரை. தலைமை வகித்த அன்புராசா ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு, "அண்ணை, குறை நினைக்காதேங்கோ, ரெண்டு நிமிசத்தில முடியுங்கோ, ஹோல்காரன் நிக்கிறான்" என்றார்.

இரண்டு நிமிடம் தாராளம். நாலு வரிதானே. அருள்நாயகம் தாளை விரித்தார். சாம்பல் பொட்டுக்கு வெளியே எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன.

"எண்பத்தாறாம் ஆண்டு, யோசப் மாஸ்ரரை..." என்று வாசித்தார். மண்டபம் அமைதியானது. "என்னுடைய நண்பர் யோசப் மாஸ்ரரை, சந்தியில் கட்டி..."

தொண்டை அடைத்தது. நடிப்பல்ல, உண்மையாகவே அடைத்தது. மூச்சு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம் என்று நின்றது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அடுத்த வரி தாளில் இருந்தது: அதை நியாயப்படுத்தி எழுதியவன் நான். வாய் திறந்தபடி இருந்தது, அந்த வரி வரவில்லை.

யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். மண்டபமே எழுந்து நின்றது. அன்புராசா ஓடிவந்து தோளில் கைபோட்டு அணைத்துக்கொண்டார். "ஆசிரியர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். நண்பனின் இழப்பு முப்பத்தொன்பது வருடம் கழிந்தும் அவரை விட்டுப் போகவில்லை. இதைவிட ஒரு ஏற்புரை வேண்டுமா?" என்று ஒலிவாங்கியில் சொன்னார். அருள்நாயகத்தை மெல்ல நாற்காலிப் பக்கம் திருப்பினார்.

அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்கலாம். இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. அன்புராசா மெலிந்த மனிதர், அவர் கையில் பலமும் இல்லை. அருள்நாயகம் திரும்பினார். நாற்காலியில் இருந்தபோது அவர் நெஞ்சுக்குள் இறங்கியது துக்கமல்ல, ஆறுதல். அப்பாடா என்ற ஆறுதல். அது இன்னதென்று தெரிந்த கணத்தில் தன்னைப்போல ஒரு கேவலமான பிறவி இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்துபோயிற்று. இதைச் சொல்லும் எனக்கும் அவரைக் காப்பாற்ற ஒரு சொல் கிடைக்கவில்லை.

கீழே மேசை போட்டுக் கையெழுத்து வாங்க வரிசையில் நின்றார்கள். மறு பக்கத்தில் றோல்ஸும் வடையும் கொடுத்தார்கள். வேரோனிக்கா அவர் பக்கத்தில் இருந்து பிரதிகளைத் திறந்து வைத்தார். ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்து, நாங்களும் அழுதுவிட்டோம் அண்ணை என்றார்கள். அருள்நாயகம் அன்புடன் என்று எழுதிக் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

றோசலின் ரீச்சர் வரிசையில்தான் வந்தார். குளிர்கோட்டு போட்டாயிற்று, தோளில் பை. முதற்பிரதியை மேசையில் வைத்தார். ஆனால் திறக்கவில்லை.

"அண்ணை, அடுத்த புத்தகம் ஏதும் இருக்கோ?"

"இல்லை ரீச்சர்" என்றார் அருள்நாயகம். "கண் விடாது. இதுதான் கடைசி."

ரீச்சர் தலையாட்டினார். "அப்ப சரி. இனி நான் காத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை."

புத்தகத்தை மேசையில் விட்டுவிட்டு, கோட்டின் சிப்பை இழுத்து மூடிக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். அவசரமில்லாத நடை. முழங்கால் வருத்தக்காரி.

"ரீச்சர்" என்று கூப்பிட்டார் அருள்நாயகம். சத்தம் பலமாகவே வந்தது. தொண்டையில் இப்போது ஓர் அடைப்பும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். றெமிஜியஸ் மூன்று பிரதிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னுக்கு நின்றார்.

ரீச்சர் கதவடியில் திரும்பினார். ஒரு கையால் கதவைப் பிடித்தபடி, முகத்தை நிமிர்த்தி, அவர் சொல்வதைக் கேட்பதற்காக நின்றார். அருள்நாயகம் எழுந்து நின்றார். மண்டபத்தில் பேச்சுச் சத்தம் குறைந்தது.

"வெளியில மழை தூறுது" என்றார். "கவனமாய்ப் போங்கோ."

"ஓம் அண்ணை" என்று சொல்லிவிட்டு ரீச்சர் போனார்.